பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே வேறு லேப்டாப்பில் மாட்டினால் ஓடுமா?

விண்டோஸ் 10, 11 என்றால் பெரும்பாலும் ஓடும். ஆனால் ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன் பிட்லாக்கர் (டிஸ்க்கில் இருப்பதைக் குறியாக்கி வைக்கும் விண்டோஸ் வசதி) பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் பல விண்டோஸ் லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. அதன் சாவி பழைய மதர்போர்டில் இருக்கும் சிப்பில்தான் இருக்கும். டிஸ்க்கை வேறு லேப்டாப்புக்கு மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது.

என் அக்கா வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். போன கோடையில் அவருடைய லேப்டாப்பில் போர்டு போய்விட்டது. "மெஷின் போனா போகட்டும் மச்சான், அஞ்சு வருஷக் கூலிக் கணக்கு உள்ள இருக்கு" என்று போனில் சொன்னபோது மாமாவின் குரலே சரியில்லை. நான் சும்மா வைத்திருந்த ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு காட்பாடியில் ரயில் ஏறினேன்.

டிஸ்க்கைக் கழற்றியதும் அதை லேப்டாப்பில் மாட்டவில்லை. டிஸ்க்கை யுஎஸ்பியில் இணைக்கும் சாட்டா கேபிள் போட்டு, கணக்கு இருந்த ஃபோல்டர்களை முதலில் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். மாமா அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தார். இந்த நகல் எடுக்கும் வேலையை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பிறகு மாட்டி ஆன் செய்தால் நீலத் திரை. 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில் ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். பழைய லேப்டாப்பில் டிஸ்க்கோடு பேசும் கன்ட்ரோலர் ஏஹெச்சிஐ முறையில் இருந்தது, என்னுடையதில் ரெய்டு முறையில் இருந்தது. விண்டோஸ் எழும்போதே அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் கையில் இல்லாததால் தன் டிஸ்க்கையே அதனால் படிக்க முடியவில்லை. லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் போய் ஏஹெச்சிஐ என்று மாற்றினேன், சரியாகிவிட்டது. பூட் முறையும், அதாவது லேப்டாப் விண்டோஸை எழுப்பும் முறையும், ஒத்துப்போக வேண்டும்: பழையது லெகசி என்றால் புதியதிலும் லெகசி, யுஇஎஃப்ஐ என்றால் யுஇஎஃப்ஐ. லெகசியே இல்லாத புது லேப்டாப்களும் இருக்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது வன்பொருளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு முடிக்க விண்டோஸுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நடுவில் ஒருமுறை தானே ரீஸ்டார்ட் ஆனது. அவசரப்பட்டு பவர் பட்டனை அழுத்தாதீர்கள். திரையில் அக்கா மகளின் படம் வந்ததும் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வைஃபை டிரைவர் இல்லை. செல்போனை யுஎஸ்பியில் இணைத்து அதன் நெட்டில் இறக்கினேன். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் போர்டோடு கட்டப்பட்டது, டிஸ்க்கோடு கூட வராது. என் லேப்டாப்புக்கும் அதே பதிப்பின் உரிமம் இருந்ததால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிட்டது. டேலி என்ற கணக்கு மென்பொருளின் உரிமத்தை மட்டும் மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டியிருந்தது, கணக்கெல்லாம் பத்திரமாகத் திறந்தது. உங்கள் பழைய லேப்டாப் இன்னும் ஓடுகிறது என்றால், டேலி உரிமத்தை அதிலேயே சரண்டர் (திருப்பி ஒப்படைப்பு) செய்துவிட்டுக் கழற்றுங்கள்.

லினக்ஸ் டிஸ்க் என்றால் இவ்வளவு அலைச்சல் இல்லை. பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடேயே வருவதால் உபுண்டு போன்ற லினக்ஸ் பொதுவாக முதல் தடவையே எழுந்துவிடும்.

கடைசியாக, புதிய லேப்டாப் வாங்கப் போகிறீர்கள் என்றால் அதன் உள்ளே 2.5 அங்குல டிஸ்க்குக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இப்போது பலவற்றில் சின்னப் பட்டை போன்ற எம்.2 எஸ்எஸ்டிக்கு மட்டும்தான் இடம். அப்படிப்பட்ட லேப்டாப் என்றால் பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்துதான் (அப்படியே முழுதாக நகல் எடுத்துதான்) மாட்ட வேண்டும்.