முழங்கை வீங்கினால் கட்டு வைத்தியரா, மலை இறங்குவதா?

கேள்வி: கொல்லிமலையில் இருக்கிறோம். என் அக்கா மகன் (7 வயது) போன வருடம் பலா மரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கியது. பக்கத்து ஊரில் கட்டுப் போட்டோம். இப்போது அவன் விரல்கள் மடங்கியே நிற்கின்றன. என் 6 வயதுப் பையனும் ஓயாமல் மரம் ஏறுகிறான். அவன் விழுந்தால் இங்கேயே கட்டலாமா, 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல் போக வேண்டுமா? எவ்வளவு நேரத்துக்குள் போக வேண்டும்?

பதில்: இறங்கத்தான் வேண்டும், அம்மா. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

இந்த வயதுப் பிள்ளைகள் கையை ஊன்றி விழும்போது பெரும்பாலும் முறிவது முழங்கைக்குச் சற்று மேலே, எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில். அதை ஒட்டியேதான் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. முறிந்த முனை அதை நெருக்கலாம். வீக்கம் வேறு ஏறிக்கொண்டே போகும். அதன்மேல் மூங்கில் பத்தையை வைத்து இறுக்கினால் வீங்க இடமில்லாமல் உள்ளே அழுத்தம் கூடி, சதைக்கு ரத்தம் நின்றுவிடுகிறது. ரத்தமில்லாத சதை ஆறு மணி நேரம் தாங்குவதே பெரிது. அப்புறம் அது செத்து, நாராகச் சுருங்கி, விரல்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஜெர்மன் மருத்துவர் ஃபோக்மன் 1881-இலேயே இதை எழுதி வைத்துவிட்டார். நான் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம்கூட அப்படி ஒரு பிள்ளை வந்தான்.

கட்டுக்கு அப்புறம் வலி குறைய வேண்டும். கூடுகிறதா? விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தினால் அலறுகிறானா? விரல் வெளுத்து, சில்லிட்டு, மரத்துப் போகிறதா? ராத்திரி இரண்டு மணியானாலும் கட்டை அவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டும் இப்படி இறுகும். அதற்கும் விடியும்வரை காத்திருக்காமல் அங்கேயே திரும்பிப் போய் வெட்டித் தளர்த்தச் சொல்லுங்கள். "நேற்றுதானே போட்டோம்" என்று யாராவது சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

கிளம்பும் முன் எண்ணெய் போட்டு நீவாதீர்கள், இழுக்காதீர்கள். கை எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு அட்டையையோ மடித்த செய்தித்தாளையோ தாங்கக் கொடுத்து, தளர்வாகத் துணி சுற்றுங்கள். கையில் காப்பு, கயிறு இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, எல்லோரும் செய்கிற தப்பு: பிள்ளை அழுகிறானே என்று வழியில் டீக்கடையில் நிறுத்தி பாலும் பன்னும் வாங்கிக் கொடுப்பது. மயக்க மருந்துக்கு வயிறு ஆறு மணி நேரம் காலியாக இருக்க வேண்டும். அந்த ஒரு பன்னுக்காக ஆபரேஷன் தள்ளிப் போகும்.

108-க்குப் போன் போடுங்கள். வர நேரமாகும் என்றால் கிடைக்கிற வண்டியில் கிளம்பலாம். கைக்கு மட்டும் அடி என்றால்தான் இது. தலையிலும் அடி, வாந்தி, மயக்கம் என்றால் 108-இல் கேட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

அடுத்தது, வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டு. முதலில் போகிற ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, "மேலே கொண்டுபோங்க" என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். பிள்ளை எப்போது விழுந்தான், விரலில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்பது அதில் இருக்காது. போகிற இடத்தில் மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா என்று ஒரு போன் போடக்கூட ஆள் கிடையாது. ஒவ்வொரு கூட்டத்திலும் இதைப் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். நீங்கள் அந்த இடத்திலேயே நின்று போன் போடச் சொல்லுங்கள். 108-இலேயே மாற்றச் சொல்லுங்கள். அதற்கும் காசு இல்லை.

சீட்டோடு வெளியே வந்தால் வாசலில் ஒருவர் நிற்பார். "அங்கே பெட் இல்லைம்மா, தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு, நம்ம வண்டியிலேயே போயிடலாம்" என்பார். அவருக்கு உங்கள் பையன் ஒரு கமிஷன், அவ்வளவுதான். அவரே "48 மணி நேரம் ஃப்ரீ திட்டம் இருக்கு" என்றும் சொல்வார். அதை விளக்கிவிடுகிறேன், நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பது, சாலை விபத்துக்கு மட்டும். மரத்திலிருந்து விழுந்தால் வராது. மாடியிலிருந்து விழுந்தால் வராது. ரோட்டோரப் புளிய மரம் என்றாலும் வராது. அப்பா ஓட்டிய மொபெட்டின் பின்னாலிருந்து ரோட்டில் விழுந்தால் வரும். "வண்டியிலிருந்து விழுந்தான்னு சொல்லிடுங்க" என்று அவர் சொல்லிக் கொடுத்தால் கேட்காதீர்கள். சாலை விபத்து என்றால் போலீஸுக்குத் தகவல் போகும். எந்த வண்டி, எந்த இடம் என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அவர் அல்ல. அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு இந்தத் திட்டமே தேவையில்லை. கம்பி செருகி, மூன்று நான்கு வாரத்தில் எடுத்துவிடுவார்கள்.

அக்கா மகனை அப்படியே விட்டுவிடாதீர்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவில் காட்டி, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பயிற்சியும் விரலை நிமிர்த்தும் பட்டையும் கொடுத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஆபரேஷன். பழைய எக்ஸ்ரே எங்காவது பரணில் கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.