எரிமலையா, மழைக்காடா? – ஒரு வாசகிக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அக்டோபரில் காரைக்காலிலிருந்து என் பெற்றோர் எங்களைப் பார்க்க வருகிறார்கள். இந்தியப் பெருங்கடலில் நாங்கள் வாழும் ரெயூனியன் தீவின் தேசியப் பூங்காவை அவர்களுக்குக் காட்ட எங்களுக்கு ஒருநாள்தான் கிடைக்கும். சென்ற மாதம் நாங்கள் எரிமலையின் விளிம்பிலுள்ள பா தெ பெல்கோம்புக்குப் போய்ச் சேர்வதற்குள் மூடுபனி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. இம்முறை எரிமலைக்குப் போவதா, மழைக்காட்டு நடைபாதைக்குப் போவதா? காடு எங்கும் காடுதானே, எரிமலையே போதும் என்கிறார் என் கணவர். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு; பத்து வயது மகனும் உடன் வருவான்.

ஒரு வாசகி, சேன் பியேர்

அன்புள்ள சகோதரிக்கு,

பா தெ பெல்கோம்ப் கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பொழுது ஏறஏறக் கடலோர ஈரக்காற்று மேகமாகத் திரண்டு மேலே வந்துவிடுவதால், விடிந்ததும் அங்கே நிற்பவர்களுக்கே 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலை தெளிவாகத் தெரியும். அங்கிருந்து எரிமலை உச்சியிலுள்ள தோலோமியு பள்ளத்தின் விளிம்புவரை நடப்பதென்றால் பல நூறு படிகள் இறங்கி, வெள்ளைச் சாயக் குறிகளைப் பின்பற்றிக் கரும்பாறைமேல் வெகுதூரம் போய், திரும்பும்போது களைத்த கால்களோடு அதே படிகளை ஏறவேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு அது ஆகாது.

ஆனால் எரிமலையைப் பார்க்க மலை ஏறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. காடு எங்கும் காடுதான் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. இத்தீவின் தென்கிழக்கில் எரிமலைக்குழம்பு ஆறிய இடத்தில்தான் காடு முளைக்கிறது. அந்த வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே சாலையோரத்தில் பார்த்துவிடலாம். ஆகவே காரில் சேன் பிலிப் வழியாக, எரிமலைக்குழம்பு கடலை நோக்கி இறங்கும் சரிவான கிரான் புருலேவுக்குப் போங்கள் என்பதே என் பதில்.

அங்கே குழம்பு சாலையைக் கடந்த இடங்களில் 2002, 2004, 2007 என்று ஆண்டைக் குறித்த பலகைகள் நிற்கின்றன. தேசியப் பூங்கா 2007 மார்ச்சில் அமைக்கப்பட்டது; அடுத்த மாதமே பெரும் வெடிப்பு நிகழ்ந்து, மலையுச்சியிலிருந்த தோலோமியு பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்வாங்கியது. அப்போது த்ரொம்ப்லே என்னும் ஊர் அருகே கடலில் விழுந்த குழம்பு அவ்வளவு தடிமனானது என்பதால், அதன்பின் பல ஆண்டுகள் மழை பெய்தபோதெல்லாம் பாறையிலிருந்து ஆவி எழுந்தது. உங்கள் மகனை அங்கே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். கரடுமுரடான கற்களின்மேல் சாம்பல் நிறத்தில் சிறுசிறு கிளைகளாக ஒட்டியிருக்கும், பாசியும் காளானும் சேர்ந்து வாழும் பாசிக்காளான்தான் அங்கே முதலில் குடியேறும் உயிர். அது பிடித்துவைக்கும் ஈரத்திலும் துகளிலும் பாறை இடுக்குகளுக்குள் பெரணி முளைக்கிறது, அதன்பின் புதர் வருகிறது, பிறகு மரம்.

அங்கிருந்து திரும்பும் வழியில் மார் லோங் காட்டுக்குள் நுழையுங்கள். கடலோரத் தாழ்நிலத்தில் இருந்த பழைய மழைக்காடு கரும்புக்காகவும் பிற பயிர்களுக்காகவும் வெட்டப்பட்டபின் எஞ்சியவற்றுள் அதுவே மிகச் சிறந்த பகுதி. நடைபாதையில் மண் மிகக் குறைவு. பாறையின்மேல் வேர்கள் விரல்விரலாகப் பரவி, இடுக்கு கிடைத்த இடத்தில் உள்ளே இறங்கியிருப்பதை அப்பா உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அங்குள்ள தக்கமக்கா நம் புன்னையின் இனம். பெரிய நாத் எனப்படும் மரம் மகிழத்தின் இனம். காரைக்காலிலிருந்து வருபவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டினால் அந்தக் காடு அந்நியமாகத் தோன்றாது.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது ஒன்று உண்டு. பெரிய பழம் பழுக்கும் இம்மரங்களின் விதைகளைப் பரப்பிய ராட்சத ஆமைகள், 17ஆம் நூற்றாண்டில் மனிதர் குடியேறியபின் அடியோடு அழிந்தன. பழந்தின்னி வௌவால்களும் ஏறக்குறைய இல்லாமலே போயின. அதனால் அண்மைக் காலக் குழம்புகளின்மேல் பழைய காடு தானாகத் திரும்பி வருவதில்லை. அந்த இடத்தை வெளியிலிருந்து வந்த கொயவியே என்னும் சிறு சிவப்புக் கொய்யா பிடித்துக்கொள்கிறது. இங்கே எல்லோரும் விரும்பிப் பறித்துத் தின்னும் பழம்தான் அது. என்றாலும் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், காலணிகளில் ஒட்டிய மண்ணையும் விதையையும் புறப்படும்முன் தட்டிவிடுங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள். 2010இல் யுனெஸ்கோ இத்தீவின் மலைகளை உலக மரபுச் சின்னமாக ஏற்றதில் இத்தகைய உள்நாட்டுக் காடுகளுக்கும் பங்குண்டு.

சேன் பிலிப் பக்கம் வறண்ட மாதங்களிலும் மழை வரும். வேர்களும் பாறையும் வழுக்கும் என்பதால் அப்பாவுக்கு ஒரு கைத்தடி தேவை. பாதையின் முதல் பகுதியோடு அவர் திரும்பிவிட்டாலும் குறையில்லை. எரிமலை விழித்திருந்தால் சாலை மூடப்படக்கூடும். ஆகவே முந்தைய நாள் மாலையே அரசு அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.