கொள்ளைக்காரனும் நாட்டாமையும்

கேள்வி: ஞாயிறு மாலையில் நாத்தனார் குடும்பம், பக்கத்து ஃபிளாட் தம்பதி என ஆறு பேர் சேர்ந்து எங்கள் வீட்டில் 'கட்டான்' என்ற பலகை ஆட்டம் ஆடுவோம். போன வாரம் நாத்தனார் மூன்று தடவை கொள்ளைக்காரனை என் கோதுமை வயலிலேயே கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் சத்தமே இல்லை. எல்லோரும் ஒரே கட்சியாக ஆடுகிற ஆட்டத்துக்கு மாறினால் சண்டை தீருமா?
– பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. அப்போது உங்களுக்கு எத்தனை புள்ளி? பத்து எடுத்தால் ஜெயிக்கிற ஆட்டத்தில் எட்டில் இருந்தீர்கள் என்றால், நாத்தனார் செய்ததுதான் சரியான ஆட்டம். நானாக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன். இரண்டு பகடையில் ஏழு விழத்தான் வாய்ப்பு அதிகம், 36-க்கு 6. ஏழு விழுந்தால் கொள்ளைக்காரனை நகர்த்தியாக வேண்டும், அவன் நிற்கிற வயலில் விளைச்சல் கிடைக்காது. அதனால் அவன் யார் வயலுக்காவது வந்துகொண்டேதான் இருப்பான். அதோடு அடிப்படைப் பெட்டி நான்கு பேருக்கானது. விரிவாக்கம் வாங்கி ஆறு பேர் உட்கார்ந்தால், தன் முறை வருவதற்குள் பழைய கணக்கெல்லாம் ஞாபகம் வரும்.

மாறினால் தீருமா என்றால், இந்தச் சண்டை தீரும். வேறொன்று வரும்.

நங்கநல்லூரில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். சமாதானத்துக்காக 'பேண்டமிக்' வாங்கினேன். மேட் லீகாக் வடிவமைத்து 2008-இல் வெளிவந்த ஆட்டம். நான்கு நோய்கள் உலகெங்கும் பரவுகின்றன, எல்லோரும் சேர்ந்து மருந்து கண்டுபிடிக்க வேண்டும். பலகையில் 48 நகரங்கள், அதில் நம் சென்னையும் உண்டு. அன்று சென்னையில் நோயைக் குறிக்கும் மூன்று கறுப்புக் கட்டைகள் ஏறிவிட்டன. நான்காவது வந்தால் நோய் பக்கத்து ஊர்களுக்குத் தாவும். அப்படி எட்டு தடவை ஆனால் தோல்வி, நாங்கள் ஏற்கெனவே ஏழில் நின்றோம். நான்தான் மருத்துவர். சென்னைக்குப் போகிறேன் என்றேன். என் தம்பி விடவில்லை. "அக்கா, நீ பாக்தாத் போ. அந்தச் சீட்டை அவனிடம் கொடு. அப்புறம் நான் பார்த்துக்கறேன்" என்று மூன்று பேர் ஆட்டத்தையும் அவனே ஆடினான். எட்டாவது சென்னையிலேயே வந்தது. அவனோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

சீட்டெல்லாம் எல்லோருக்கும் தெரிகிற கூட்டு ஆட்டம் என்றால் ஒரு நாட்டாமை கிளம்பிவிடுவார். அதனால் வாங்கும்போது போட்டியா கூட்டா என்று பார்ப்பதைவிட, ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஹனாபி'யில் உங்கள் கைச்சீட்டு உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அருமையான ஆட்டம். ஆனால் ஐந்து பேருக்கு மேல் முடியாது.

உங்கள் ஆறு பேருக்கு 'ஜஸ்ட் ஒன்' பொருந்தும், ஏழு பேர் வரை ஆடலாம். ஒருவர் கண்டுபிடிக்க வேண்டிய சொல்லுக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு துப்பு ரகசியமாக எழுத வேண்டும். ஒரே துப்பை இரண்டு பேர் எழுதியிருந்தால் இரண்டையும் அழித்துவிட வேண்டும். நாங்கள் சொற்களைத் தமிழில் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்கிறோம். ஒரு நாள் 'மெரினா' வந்தது. மாமியார் சுண்டல், பையன் சுண்டல், தம்பியும் சுண்டல். மூன்றும் போயின. மிஞ்சியது நான் எழுதிய 'குதிரை' மட்டும். அதைப் பார்த்துவிட்டு என் கணவர் யோசிக்காமல் 'கிண்டி' என்றார்!

போட்டி இல்லாமல் உப்புச்சப்பில்லை என்றால், இரண்டு கட்சியாகப் பிரிந்து துப்பு வைத்துச் சொற்களைக் கண்டுபிடிக்கிற 'கோட்நேம்ஸ்' ஆடுங்கள், மூன்று பேர் ஒரு கட்சி. நாத்தனாரை உங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகள் தோற்றால் அழுகிறாள். நானே வேண்டுமென்று தோற்கலாமா?
– ஒரு அப்பா, பெரம்பூர்

பதில்: வேண்டாம், கண்டுபிடித்துவிடுவாள். 'ஹூட் அவுல் ஹூட்' என்று ஒன்று இருக்கிறது, நான்கு வயதிலிருந்தே ஆடலாம். சூரியன் உதிப்பதற்குள் ஆந்தைகளை எல்லாம் சேர்ந்து கூட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சீட்டுகள் திறந்தேதான் இருக்கும். பரவாயில்லை, அங்கே நாட்டாமை அவளாகவே இருக்கட்டும்.