மணிக்கூண்டுக்கு நகைக் கடன் வாங்கலாமா?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 57. கணவர் இல்லை. மகனும் மகளும் வேலையில் இருக்கிறார்கள். கையில் வரும் சம்பளம் 80,000. மாதம் 8,000 தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, கொடுத்துவிடுவேன். அசனத்துக்கு (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து), காணிக்கைப் பொருள்களை விற்கும் பண்டிகை ஏலத்தில் எடுத்தவற்றுக்கு, சபை மண்டபத்துக்கு என்று கொடுத்த வகையில் 20 பவுன் அடகில் இருக்கிறது. கடன் 5.5 லட்சம். மூன்று வருடமாக வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறேன். இப்போது அப்பா நினைவாக ஆலயத்துக்கு மணிக்கூண்டு கட்ட என் பங்கு 3 லட்சம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். பவுன் விலை ஏறிவிட்டதால் அதே நகைக்கே இன்னும் தருகிறோம் என்கிறது வங்கி. அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பை அண்ணன்தான் பார்க்கிறார், இன்னும் பாகம் பிரிக்கவில்லை. பூச்சியும் துருவும் அரிக்காத பொக்கிஷத்தைப் பரலோகத்தில் சேர்க்கச் சொல்கிறது வேதம். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. பிள்ளைகளுக்கு எதையாவது விட்டுச்செல்ல, 100 வயது வரை கவரேஜ் தரும் பாலிசி ஒன்றைச் சபையிலுள்ள ஏஜென்ட் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: சகோதரி, தசமபாகத்தைக் குறைக்கும்படி நான் சொல்லப்போவதில்லை. அதைக் கொடுத்தும் உங்கள் வீடு நடக்கிறது. கடன் அதனால் வந்ததல்ல. ஊர் நடுவே ஒரு தொகையைச் சொல்லிவிடுவது, அப்புறம் வளையலைக் கழற்றுவது, இதுதான் உங்களைப் பிடித்திருக்கும் பழக்கம். பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் என்ன விலைக்குப் போகும் என்று எனக்கும் தெரியும். கையில் இருக்கும் காசுக்கு ஏலம் கேட்டால் அது சந்தோஷம், அடகை நம்பிக் கேட்டால் வட்டி.

அந்த வட்டி எவ்வளவு? நீங்கள் எழுதவில்லை, தோராயமாக 11% என்று வைப்போம். 5.5 லட்சத்துக்கு வருடம் 60,000 ரூபாய் போகிறது. மூன்று வருடத்தில் 1.8 லட்சம். இந்தப் பணம் எந்த மண்டபத்துக்கும் போகவில்லை, எந்த ஏழைக்கும் சோறாகவில்லை. இதோடு இன்னொரு 3 லட்சம் சேர்ந்தால் கடன் 8.5 லட்சம், மாத வட்டி 7,800. ஏறக்குறைய இன்னொரு தசமபாகம், அதுவும் வங்கிக்கு! ஓய்வு பெற இன்னும் மூன்றே வருடம். பென்ஷனில் இதைக் கட்ட முடியுமா என்று நீங்களே பாருங்கள்.

நீங்கள் சொல்லும் பொக்கிஷ வசனம் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. மனுஷர் காணும்படி தருமம் செய்யாதே, வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்பதும் அதே அதிகாரத்தில், அதற்கு முன்னால்தான் இருக்கிறது. மணிக்கூண்டுக் கல்வெட்டில் யார் யார் பெயர் வரும் என்று அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். லூக்கா 14-ல் கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறதே, அதைக்கூடப் பார்க்க வேண்டாமா?

சரி, அந்தத் தோப்புக்கு வருவோம். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், அம்மாவும் இல்லாத நிலையில், 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சம பங்கு. மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது. இருப்பது நீங்கள் இருவர் மட்டும்தான் என்றால் பாதித் தோப்பு உங்களுடையது, தேங்காய் வருமானத்திலும் பாதி. அப்பா நினைவுக்கு மணிக்கூண்டு என்றால் அப்பாவின் தோப்பு வருமானத்திலிருந்து கட்டட்டும்! "பாகம் பிரித்துத் தரச் சொன்னவனின் வழக்கில் இயேசு தலையிடவில்லையே" என்பீர்கள். உண்மைதான், பொருளாசையைக் குறித்து எச்சரித்துவிட்டு, பெரிய களஞ்சியம் கட்டத் திட்டமிட்டு அன்று ராத்திரியே உயிரை இழக்கும் ஐசுவரியவானின் கதையைச் சொன்னார். நானும் கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. "என் பங்கைத் தோப்புக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா" என்று ஒரு வரி சொன்னால் போதும். மணிக்கூண்டு உடனே சின்னதாகிவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

பாலிசி வேண்டாம். ஆயுள் காப்பீடு நம் வருமானத்தை நம்பி இருப்பவர்களுக்காக எடுப்பது. உங்கள் பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். இந்த மாதிரி பாலிசிகள் தரும் வருட லாபம் பெரும்பாலும் 5, 6% தாண்டுவதில்லை. 11% கடனைத் தலையில் வைத்துக்கொண்டு அதில் போய்ப் பணம் போடுவதா? பத்து வருட பிரீமியம் என்றால் ஏழு வருடம் பென்ஷனிலிருந்து கட்ட வேண்டும். ஏஜென்ட் நல்ல விசுவாசியாக இருக்கலாம், அதற்காகத் திட்டம் நல்லதாகிவிடாது.

முதலில் கடனைத் தீருங்கள். வட்டியும் அசலுமாக மாதம் 25,000 கட்டினால் இரண்டு வருடம் சொச்சத்தில் முடிந்துவிடும். இல்லையென்றால் இன்றைய விலையில் எத்தனை பவுன் விற்றால் அடையும் என்று விசாரியுங்கள். பாதிக்குக் குறைவாகவே போதும் என்று நினைக்கிறேன். விற்கவே மனம் வராத நகையை விட்டுவிட்டு மற்றதை விற்கலாம்.

ஆலயத்துக்குப் பெரிதாக ஒன்று செய்ய ஆசை என்றால் உயிலில் எழுதுங்கள். நெருங்கிய உறவினர் இருக்கும் கிறிஸ்தவர் சமயப் பணிக்கோ தருமத்துக்கோ சொத்து எழுதினால், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்று முன்பு ஒரு சட்டப் பிரிவு இருந்தது. 2003-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே கடைசியில் இருக்கும் வைப்புத்தொகையில் பத்தில் ஒரு பங்கு ஆலயத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ, மீதி பிள்ளைகளுக்கு என்று தாராளமாக எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இருவரில் உங்கள் மகனோ மகளோ, அவர்களின் துணையோ இருக்கக்கூடாது, இருந்தால் அவர்களுக்கு எழுதிய பங்கு செல்லாது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள்.