குறைந்த லேபிளில் லீனியர் கிளாசிஃபையர்: மாமாவிடம் எந்த 50 படத்தைக் கொடுப்பது?

களக்காட்டுத் தோட்டங்களில் எடுத்த 4000 வாழையிலைப் படங்கள், இலைப்புள்ளி நோய் உண்டா இல்லையா என்று சொல்ல மாமா ஒருவர், அவரும் சாயங்காலம் 50 படம்தான் பார்ப்பார். அவர் சொல்லும் ‘உண்டு’, ‘இல்லை’ என்ற விடைதான் லேபிள். நோயுள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை மறுபக்கம் என்று நேர்கோடு போட்டுப் பிரிக்கும் மாடலான லீனியர் கிளாசிஃபையரைப் பயிற்றுவிக்க எந்த 50-ஐ அவரிடம் கொடுப்பது? இதுதானே உங்கள் கேள்வி?

முதல் நாலு சாயங்காலத்தைச் சோதனைக்கே ஒதுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த 200 படம், அவற்றைப் பயிற்சிக்குத் தொடவே கூடாது. பின்னால் நாம் பொறுக்கி எடுப்பதெல்லாம் சிக்கலான படங்கள். அவற்றில் அளந்த துல்லியத்தை நம்ப முடியாது.

அப்புறம் இன்னொரு 50 படத்தில், நிகழ்தகவாக விடை சொல்லும் லீனியர் மாடலான லாஜிஸ்டிக் ரெக்ரஷனைப் பயிற்றுவித்து, மீதிப் படங்களுக்கு மதிப்பெண் போடுங்கள். நோய்க்கான நிகழ்தகவு 0.5-ஐ ஒட்டி வருபவைதான் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவை. அவற்றையே கேட்க வேண்டும். லூயிஸ், கேல் என்ற ஆய்வாளர்கள் 1994-இல் செய்தது இதுதான். எஸ்விஎம் என்ற இன்னொரு வகை கிளாசிஃபையருக்கு இதே யோசனையை டாங், கோலர் என்ற ஆய்வாளர்கள் 2001-இல் எழுதினார்கள். மாடல் பார்ப்பது ஒரே ஃபீச்சர் (ஒரே அளவு), தரவிலும் பிழையோ குழப்பமோ இல்லை என்றால் வரிசையாக நிற்கும் 1000 புள்ளிகளில் எல்லையைப் பாதி பாதியாக வெட்டிச் சுமார் 10 லேபிளில் பிடித்துவிடலாம். நிஜத் தரவில் அவ்வளவு லாபம் எதிர்பார்க்காதீர்கள். நோய் அபூர்வம் என்றால் அதைக் கண்டுபிடிக்கவே லேபிள் கரையும். அப்போது நோயுள்ள படங்கள் கொஞ்சத்தை மாமாவையே பொறுக்கித் தரச் சொல்லுங்கள்.

எல்லைக்கு மிக அருகிலுள்ள 50-ஐ அப்படியே எடுத்தால் பாதி ஒரே மரத்தின் இலையாக இருக்கலாம். அருகிலுள்ள 200-ஐ எடுத்து, ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்து வைக்கும் கே-மீன்ஸ் முறையில் 40 குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒன்று எடுங்கள். மீதி 10 குலுக்கலில் வரட்டும். மாடல் அடித்துச் சொல்லித் தப்பு செய்யும் இடம் அதில்தான் தெரியவரும். பல மாடல்களை வாக்களிக்க வைக்கும் முறையும் உண்டு. லீனியருக்கு அந்தப் பாடு தேவையில்லை என்பேன்.

பலர் யோசிக்காதது மாமாவைத்தான். மாடல் தடுமாறும் படத்தில் அவரும் தடுமாறுவார்: வயதாகிப் பழுத்த அடியிலையா, நோய் தொடங்கிய இலையா? “தெரியலடே” என்று சொல்ல ஒரு பொத்தான் வையுங்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய தப்பு லேபிள் எல்லைக்கோட்டையே சாய்த்துவிடும். சில படங்களை வேறொரு நாள் மறுபடியும் காட்டி, அதே பதில்தான் வருகிறதா என்று பாருங்கள்.

நாளைக்கு வேறு மாடலுக்கு மாறும் எண்ணமிருந்தால் குலுக்கல் பங்கை 10-இலிருந்து, 50-இல் பாதியான 25-ஆக உயர்த்துங்கள். இந்தக் கோட்டுக்காகப் பொறுக்கிய லேபிள்கள் அதற்கு உதவும் என்ற உறுதி இல்லை.