பின்னல் கூடை: வாசகர் கேள்வி பதில்

என் மதினிக்கு ஐப்பசியில் பிரசவம். பிள்ளைக்குக் கையால் ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்க ஆசை. கடையில் ‘பேபி உல்லன்’ என்று கொடுத்தார்கள். அது நல்ல நூல்தானா?
— வாசகி, தொண்டி

ஸ்வெட்டர் வேண்டாம். நம் கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றால் மழையும் ஈரக்காற்றும்தான். உல்லனைப் போர்த்திக்கொள்ளும் அளவுக்குக் குளிர் வருவதில்லை. பிறந்த குழந்தைக்கு உடல் சூட்டைச் சமாளிக்கும் திறன் இன்னும் முழுமையாக வந்திருக்காது. தடித்த உடுப்பைப் போட்டுப் புழுங்க வைத்தால் வேர்க்குரு மட்டுமல்ல, அளவுக்கு மீறிய சூடே ஆபத்து. பாசத்தோடு பின்னியதை ஒரு தரம் போட்டுப் படம் எடுத்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். தினமும் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடக்கும் பொருளாகப் பின்னுங்கள்: பால் துடைக்கும் துணி, கழுத்தில் கட்டும் பிப், கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டை.

நூலைப் பற்றி: கடையில் ‘உல்லன்’ என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. லேபிளைப் படியுங்கள். லேபிள் இல்லையென்றால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். ஆட்டுரோமம் என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நசுங்கும். அக்ரிலிக் உருகிக் கருப்பு மணியாக இறுகும்; ஆறும்வரை தொடாதீர்கள். அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது, தீப்பொறி பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சாம்பிராணிச் சட்டி புழங்குகிற பேறுகால வீட்டில் பருத்தியே சரி.

என் லாத்தா (அக்கா) பிள்ளைக்குத் தொப்பி பின்னினேன். 4 மில்லிமீட்டர் ஊசி, 72 கண் (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்). புத்தகத்தில் சொன்னபடியே செய்தேன். ஆனாலும் பிள்ளையின் கண்ணை மறைத்துக்கொண்டு இறங்குகிறது. எங்கே தப்பு?
— வாசகி, கீழக்கரை

தப்பு எண்ணிக்கையில் இல்லை, உங்கள் கையின் இறுக்கத்தில். புத்தகம் எழுதியவர் 10 செ.மீ.க்கு 22 கண் விழும்படி பின்னியிருப்பார். அந்தக் கணக்கில் 72 கண் என்பது சுமார் 33 செ.மீ. உங்கள் கை தளர்வாக இருந்து 10 செ.மீ.க்கு 18 கண்தான் விழுந்திருந்தால், அதே 72 கண் 40 செ.மீ. ஆகிவிடும். அது மூன்று மாதக் குழந்தையின் தலை. நிறை மாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச்சுற்று சுமார் 34, 35 செ.மீ. தொப்பி அதைவிட 2 செ.மீ. குறைவாக இருந்தால்தான் பிடித்து நிற்கும்.

அதனால் முதலில் மாதிரித் துண்டு. 30 கண் போட்டு, ஒரு வரிசை நிட் (நேர்ப்பின்னல்), ஒரு வரிசை பர்ல் (மறுபுறப் பின்னல்) என்று 12 செ.மீ. உயரம் பின்னுங்கள். அதைத் துவைத்துக் காயவைத்த பிறகு, ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து கண்களை எண்ணுங்கள். துவைக்காமல் எண்ணினால் பருத்தி ஏமாற்றிவிடும். முதல் தண்ணீரிலேயே நீளம் சுருங்கும்.

உங்கள் கைக்கு 18 கண் என்றே வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறோம். 60 கண், இரு ஓரத்திலும் தையலுக்கு ஒவ்வொன்று, ஆக 62. முதல் 3 செ.மீ. இரண்டு நிட், இரண்டு பர்ல். இதற்கு மட்டும் அரை மில்லிமீட்டர் சிறிய ஊசி. பருத்தி நூலுக்கு ரோமத்தின் இழுவை கிடையாது. பெரிய ஊசியில் பின்னிய விளிம்பு ஒரே வாரத்தில் தொங்கிவிடும். பிறகு 4 மில்லிமீட்டர் ஊசிக்கு மாறி, மொத்த உயரம் 8 செ.மீ. வரும்வரை நிட் ஒரு வரிசை, பர்ல் ஒரு வரிசை.

இனிக் குறைப்பு. நிட் வரிசையில் ஓரக் கண்ணை விட்டு, ‘8 நிட், 2 சேர்த்து ஒரு நிட்’ என்பதை ஆறு முறை செய்தால் 6 கண் குறையும். அடுத்த வரிசை முழுக்க பர்ல். அடுத்த நிட் வரிசையில் ‘7 நிட், 2 சேர்த்து’. இப்படி ஒவ்வொரு தடவையும் இடையில் ஒரு கண் குறைத்துக்கொண்டே வந்து, ஊசியில் 14 கண் நிற்கும்போது நூலை 30 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து எல்லாக் கண்ணுக்குள்ளும் இழுத்து இறுக்குங்கள். அதே நூலால் பக்கத்தைத் தைத்துவிடலாம்.

இந்தத் தொப்பி குளித்த பின்னும், விடியற்காலைப் பஸ் பயணத்திலும் போடுவதற்கு. தூங்கும் குழந்தைக்கு வீட்டுக்குள் தொப்பி வேண்டாம். தலை வழியாகத்தான் குழந்தையின் சூடு அதிகம் வெளியேறுகிறது. நழுவி மூக்கை மூடவும் கூடும். இதை உங்கள் லாத்தாவிடமும் மாமியிடமும் பரிசைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் போர்த் தண்ணீர் உப்பு. பின்னிய துணிகள் துவைத்தபின் விறைப்பாகின்றன. மழைக்காலத்தில் காய்ந்த துணி மறுபடி நமுத்துப் போகிறது. சோப்பைக் கூட்டினாலும் பலனில்லை.
— வாசகி, மண்டபம்

சோப்பைக் கூட்டியதால்தான் விறைப்பு. இதில் இரண்டு தொல்லைகள் கலந்திருக்கின்றன, தனித்தனியாகப் பாருங்கள்.

ஒன்று, கடினத்தன்மை. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறி நூலிடுக்கில் உட்கார்ந்துவிடும். பின்னல் துணியில் இடுக்கு அதிகம் என்பதால் அதற்குத்தான் பாதிப்பும் அதிகம். கட்டிச் சோப்பை விட்டுவிட்டு, வாசனை குறைந்த திரவ டிடர்ஜென்ட்டுக்கு மாறுங்கள். அது கடினத் தண்ணீரில் இந்த அளவுக்குப் பிசுக்காவதில்லை. ஏற்கனவே விறைத்த துணியை, 10 லிட்டர் தண்ணீரில் 4 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து அரைமணி நேரம் ஊறவைத்து அலசினால் நெகிழும். வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

இரண்டு, உப்பு. வினிகர் இதற்கு ஒன்றும் செய்யாது. நூலில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிறது. காய்ந்த துணி மறுபடி நமுப்பது அதனால்தான். நல்ல தண்ணீர் மட்டுமே இதைப் போக்கும். துவைப்பதும் முதல் அலசலும் போர்த் தண்ணீரில் இருக்கட்டும், கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரோ குடத்தில் வாங்கும் தண்ணீரோ 3 லிட்டர் ஒதுக்குங்கள். பிள்ளையின் நாலைந்து சிறு துணிக்கு அது போதும். மொட்டை மாடித் தண்ணீரைப் பிடிப்பதாக இருந்தால் முதல் மழையை ஓடவிட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள்.

பிழியும்போது முறுக்கக் கூடாது. காய்ந்த துண்டில் வைத்துப் பாயாகச் சுருட்டி, மேலே அழுத்துங்கள். பிறகு பனையோலைப் பாயில் படுக்கை வசமாக விரித்து, விரல்களால் பழைய அளவுக்கு இழுத்து வைத்துக் காயவிடுங்கள். ஈரப் பருத்திக்குக் கனம் அதிகம். கொடியில் தொங்கவிட்டால் சட்டை இரண்டு விரல் நீண்டுவிடும். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் மாடியில் ஒரு பொழுதிலேயே காய்ந்துவிடும். ஆனால் கடலைப் பார்த்த பக்கம் விரித்தால் உப்புத்தூவலும் மணலும் மறுபடி ஏறும். வீட்டின் மறைவுப் பக்கமே நல்லது. வாடைக் காலத்தில் மின்விசிறிக்குக் கீழே விரித்து, கடைசியில் பருத்திக்கு மட்டும் ஒரு தரம் இஸ்திரி போட்டு உள்ளீரத்தைப் போக்கிவிட்டு மடியுங்கள். அரை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் மூன்றாம் நாள் பூஞ்சைப் புள்ளி விழும், அது போகவே போகாது. பழைய வேட்டித் துணியில் தைத்த பையே போதும்.

பிள்ளைக்கு மூன்று மாதம். பால் கொடுத்துப் படுக்க வைத்த நேரத்தில் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போடுகிறேன். இப்போது வலது கையில் பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டோரம் சுருக்கென்று வலி. ஊசி பிடித்ததால்தானா?
— பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

ஊசி ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் முதல் காரணம் பெரும்பாலும் பிள்ளையைத் தூக்கும் விதம். இரண்டு கையையும் அக்குளுக்குள் விட்டு, பெருவிரலை விரித்து ‘ட’ மாதிரிப் பிடித்து ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குகிறீர்கள்! பெருவிரலை இயக்கும் தசைநார்கள் மணிக்கட்டோரம் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. உறை வீங்கி இடம் நெருக்கினால் இந்த வலி வரும். புதுத் தாய்மார்களுக்கு இது அடிக்கடி வருகிற தொல்லை.

பெருவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாயுங்கள். வலி சுள்ளென்று ஏறினால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். விரல்கள் மரத்துப்போவது, இரவில் எறும்பு ஊர்வது போலிருப்பது வேறு நரம்புத் தொல்லை. எதுவானாலும் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பெருவிரலையும் சேர்த்துத் தாங்கும் பட்டை கொடுப்பார். தேவைப்பட்டால் ஊசி போடுவார். பால் கொடுப்பதால் வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

வலி ஓயும்வரை குரோஷாவை நிறுத்துங்கள். வலியோடு முடித்த பரிசை யாரும் கேட்கவில்லை. தூக்கும்போது ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் கீழே, மற்றது பிட்டத்துக்குக் கீழே, மணிக்கட்டு நேராக, பெருவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியபடி. திரும்பத் தொடங்கும்போது கைப்பிடி தடித்த குரோஷா ஊசி வாங்குங்கள், 10 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள்; அறுவைப் பிரசவம் என்றால் வயிற்றுத் தையலுக்கும் அது தாங்கல்.

எங்கள் வீட்டில் வலை பொத்துவோம். அந்தக் கை பழக்கம் பின்னலுக்கு உதவுமா?
— வாசகர், பாம்பன்

கண்ணளவைச் சீராக வைக்கும் பழக்கம் நிச்சயம் உதவும். ஆனால் வேலை வேறு. வலையில் ஒவ்வொரு கண்ணும் தனி முடிச்சு. ஓரிடத்தில் அறுந்தால் அங்கேயே நிற்கும். பின்னலில் முடிச்சே இல்லை, கண்ணுக்குள் கண். ஒரு நுனியை இழுத்தால் வரிசை முழுக்க ஓடும். பிள்ளை வீட்டுக்கு உங்கள் வேலையிலேயே ஒரு பரிசு உண்டு: மெல்லிய பருத்தி நூலில், விரல் நுழையாத சிறு கண் வைத்து, 25 செ.மீ. உயரத்தில் வாய் சுருக்கும் பை. காலுறை, பிப் எல்லாவற்றையும் அதில் போட்டே துவைத்துக் காயவைக்கலாம். நைலான் வலைத்துண்டை மட்டும் தொட்டில் பக்கம் கொண்டுபோகாதீர்கள், விரலை அறுக்கும்.

கைக்குழந்தையோடு 15 நிமிடம் கிடைப்பதே பெரிது. அப்படி விட்டு விட்டுப் பின்னினாலும் கெடாத ஒரு பரிசு சொல்லுங்கள். பாதியில் எழுந்தால் எந்த வரிசை என்பதே மறந்துவிடுகிறது.
— வாசகி, ஏர்வாடி

மூலையிலிருந்து மூலைக்குப் பின்னும் சதுரத் துணி. எல்லா வரிசையும் நிட், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. வரிசையை நினைவில் வைக்கவே தேவையில்லை, ஊசியில் உள்ள கண்ணை எண்ணினால் போதும்.

50 கிராம் பருத்தி நூல், 4 மில்லிமீட்டர் ஊசி. 4 கண் போட்டு ஒரு வரிசை நிட். அதன் பிறகு ஒவ்வொரு வரிசையும்: 2 நிட், நூலை ஊசி மேல் ஒரு சுற்று, மீதி எல்லாம் நிட். வரிசைக்கு ஒரு கண் கூடும், ஓரத்தில் சிறு துளை வரிசை விழும். 64 கண் வந்ததும் குறைப்பு: 1 நிட், 2 சேர்த்து நிட், நூல் ஒரு சுற்று, 2 சேர்த்து நிட், மீதி நிட். இப்போது வரிசைக்கு ஒரு கண் குறையும். 4 கண் மிஞ்சும்போது அடைத்துவிடுங்கள். பக்கத்துக்கு ஏறக்குறைய 25 செ.மீ. சதுரம், பால் கக்கினால் துடைக்கத் தோளில் போடும் அளவு.

நூல் போதுமா என்ற பயம் இருந்தால் சமையலறைத் தராசில் பந்தை வையுங்கள். 26 கிராம் மிஞ்சும்போதே, கண் 64 ஆகாவிட்டாலும், குறைப்பைத் தொடங்குங்கள். துணி கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவுதான்.

இதில் கெடுவது இரண்டே இடம். நூல் சுற்றை மறந்தால் அந்த ஓரத்தில் துளை இருக்காது, எண்ணிக்கை ஏறாது. அடுத்த வரிசையில் அதே இடத்தில் இரண்டு கண்ணுக்கு நடுவிலுள்ள நூலைத் தூக்கி ஊசியில் போட்டால் சரி. இன்னொன்று, வரிசை நடுவில் எழுவது. பிள்ளை அழுதாலும் முடிந்தவரை வரிசையை முடித்துவிட்டு எழுங்கள். முடியாவிட்டால் இரண்டு ஊசி முனையிலும் ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள். கண் நழுவாது. திரும்ப எடுக்கும்போது பந்து நூல் தொங்கும் ஊசி வலது கையில் வரவேண்டும். இடதில் பிடித்தால் திசை மாறி நடுவில் ஓட்டை விழும்.

நூல் தீர்ந்தால் முடிச்சுப் போடாதீர்கள். ஓரத்தில் புது நூலை இணைத்து, இரண்டு நுனியையும் 5 செ.மீ. ஒரு திசையில், மறுபடி எதிர்த்திசையில் என்று தையல் ஊசியால் ஓட்டுங்கள்.

வேலை முடிந்து எழும்போது ஊசிகளை எண்ணி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, பரணில் வையுங்கள். எஃகு ஊசி நம் காற்றில் துருப்பிடித்து நூலில் பழுப்புக் கறை விடும். மூங்கில் அல்லது அலுமினியம் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

பின்னிய பொம்மைக்குப் பொத்தான் கண் வைக்கலாமா? பூவேலைப் போர்வையும் சின்னக் காலுறையும் சேர்த்துக் கொடுக்க நினைக்கிறேன்.
— வாசகி, தேவிபட்டினம்

பொத்தான் வேண்டாம். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் கடித்து இழுக்கும் பிள்ளையிடம் அது ஒருநாள் கழன்று தொண்டைக்குப் போகும். கருப்பு நூலால் கண்ணைத் தையலாகப் போடுங்கள். பொம்மையும் போர்வையும் விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஒரு வயதுவரை தூங்குமிடத்தில் தளர்ந்த துணி எதுவும் இருக்கக் கூடாது. போர்வையில் பெரிய துளை வைத்த டிசைனைத் தவிருங்கள், விரல் மாட்டும்.

காலுறைதான் இந்த மூன்றில் அதிகக் கவனம் கேட்பது. உள்ளே தொங்கும் ஒரு நூலிழை கால்விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கும். குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழும். காலுறையை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, ஒவ்வொரு நுனியையும் ஓட்டி முடித்து, விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நாடா கோக்காமல் கணுக்காலில் இரண்டு நிட், இரண்டு பர்ல் வைத்தாலே நிற்கும். ஒவ்வொரு தரம் போடும் முன்பும் உள்ளே திருப்பிப் பார்க்கும்படி ஒரு சீட்டில் எழுதிப் பரிசோடு வைத்துவிடுங்கள்.