மிதிபடும் பெயர்களா?

கேள்வி: ஜெர்மனியில் வேலை செய்யும் என் மகன், நடைபாதையில் பதித்திருந்த பித்தளைத் தகடு ஒன்றைப் படமெடுத்து அனுப்பினான். நாஜிகள் கொன்றவரின் பெயராம். செத்தவர் பெயரைக் காலால் மிதிக்க விடலாமா? நம் தோட்டங்களில் இருந்து சயாம் ரயில் போட இழுத்துப்போனவர்களுக்கு நாம் இப்படிச் செய்ய முடியுமா?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அம்மா, அதன் பெயர் ஸ்டோல்பர்ஸ்டைன். குன்ட்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் கொலோன் நகரத்தில் ஆரம்பித்த வேலை. 10 சென்டிமீட்டர் சதுரக் கல், மேலே பித்தளை. ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, எப்போது பிடித்துப்போனார்கள், எந்த முகாமில் என்ன ஆனார் என்பது வரை ஒவ்வோர் எழுத்தாகக் கையால் அடிக்கிறார்கள். யூதர்களுக்கு மட்டுமில்லை, ரோமா மக்கள், ஊனமுற்றவர்கள், ஹிட்லரை எதிர்த்தவர்கள் எல்லாருக்கும் உண்டு. 2023இல் நியூரம்பெர்க்கில் 1,00,000ஆவது கல்லைப் பதித்தார்கள். பல ஊர்களில் அக்கம்பக்கத்தாரும் பள்ளிப் பிள்ளைகளும்தான் விவரம் தேடிக் காசு போடுகிறார்கள், அப்புறம் கறுத்துப்போனால் தேய்த்து விளக்குவதும் அவர்களே.

மிதிப்பது பற்றி நீங்கள் கேட்டதை அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். நாஜிக் காலத்தில் தப்பிப் பிழைத்த சார்லொட் க்னோப்லோக் என்ற யூதத் தலைவர் கடுமையாக எதிர்த்தார், அதனால் மியூனிக் நகரம் பொதுச் சாலையில் இந்தக் கற்களை அனுமதிப்பதில்லை, 2018 முதல் சுவரிலும் கம்பத்திலும் பெயர்ப்பலகை வைக்கிறது. குனிந்து படிப்பதே மரியாதை என்பவர்களும் உண்டு. ஆனால் காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம், நமக்குச் சுவர்தான் சரி.

நம் கதைக்கு வருவோம். 1942-43இல் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறை இருக்கிறது, பெரும்பாலானவற்றில் பெயரும் இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய நம் தாத்தாக்களுக்கு அப்படி வரிசை வரிசையாகப் பெயர்க்கல் இல்லை, அது என்னால் ஆறவே முடியாத விஷயம். நாஜிகள் ஆட்களை ஏற்றி அனுப்பிய ரயில்களுக்குப் பட்டியல் எழுதி வைத்தார்கள், பல பெயர்கள் அதிலிருந்துதான் கிடைத்தன. நமக்கோ தோட்டத்துச் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, மிஞ்சியிருந்தாலே அதிர்ஷ்டம், மற்றபடி பெரியவர்களின் ஞாபகம்தான்.

அதனால் பெரிய மண்டபம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்று பத்து வயதில் இருந்தவர்களுக்கே இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. இந்த வாரமே உங்கள் தோட்டத்துப் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள்: யார் போனார், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கூட யார் போனார், திரும்பி வந்தாரா. லயங்களை இடித்துச் செம்பனை நட்டுவிட்டதால் பழைய வாசலில் கல் வைக்க முடியாது, ஆனால் மாரியம்மன் கோயில் சுவரோ தமிழ்ப்பள்ளிச் சுவரோ இருக்கும், நிர்வாகத்திடம் கேளுங்கள். முழுப்பெயர் தெரியாவிட்டால் ‘இன்னாரின் அண்ணன்’ என்றே எழுதுங்கள், தோட்டத்தின் பெயர் இருந்தால் மீதியை இன்னொரு குடும்பம் வந்து சொல்லக்கூடும்.